சமவாய்ப்புச் சூழலில் நடை: மைய எல்லைத் தேற்றத்துக்கு எத்தனையாவது மொமென்ட் வேண்டும்?

கல்லூரியில் படிக்கும் மைய எல்லைத் தேற்றத்துக்கு நிபந்தனை எளியது. அடிகள் ஒன்றையொன்று சாராதவை, ஒரே பரவல் கொண்டவை, அடியின் நீளத்துக்கு இரண்டாம் மொமென்ட் (வர்க்கத்தின் சராசரி) முடிவுள்ளது. இவ்வளவு இருந்தால் ந அடிகளின் கூட்டுத்தொகை √ந அளவுகோலில் இயல்நிலைப் பரவலுக்குப் போய்ச் சேரும். சமவாய்ப்புச் சூழலில், அதாவது அடுத்த அடிக்கான நிகழ்தகவே இடத்துக்கு இடம் தற்செயலாக மாறும் சூழலில், நடப்பவருக்கு இந்த நிபந்தனை ஒன்றுக்கும் உதவாது. அங்கே ஒவ்வோர் அடியும் ஓர் அலகுதான், ஆகவே எல்லா மொமென்ட்டும் செலவில்லாமல் கிடைத்துவிடுகின்றன. அப்படியும் தேற்றம் பல இடங்களில் பொய்த்துப்போகிறது. நிபந்தனையைத் தேட வேண்டிய இடம், சூழல் நடப்பவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும் நேரம். அந்த நேரத்தின் இரண்டாம் மொமென்ட் முடிவுள்ளதா என்பதை ஒரு மாதிரியைப் பார்த்ததும் எப்படிக் கணக்கிடுவது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்தக் கட்டுரை. முதுகலை நிகழ்தகவுப் பாடம் படித்தவர்களுக்கு வேறு முன்தயாரிப்பு தேவையில்லை.

குறியீடு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ⟨ ⟩ என்ற அடைப்பு, சூழல்கள் எல்லாவற்றின் மேலும் எடுத்த சராசரியைக் குறிக்கும். மடக்கை என்பது இயல் மடக்கை.

1. மாதிரியை எழுதி, எந்தப் பார்வை என்று முடிவு செய்யுங்கள்

முழு எண்கள் வரிசையாக நிற்கும் நேர்கோட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு புள்ளிக்கும் 0க்கும் 1க்கும் இடையில் வ என்ற எண்ணை, புள்ளிக்குப் புள்ளி சார்பின்றி, ஒரே பரவலிலிருந்து எடுத்து ஒட்டிவிடுகிறோம். இதுதான் சூழல். ஒட்டிய பிறகு அது மாறாது. அதன் மேல் நடப்பவர், தாம் நிற்கும் புள்ளியின் வ என்னும் நிகழ்தகவோடு வலப்பக்கமும், 1 − வ என்னும் நிகழ்தகவோடு இடப்பக்கமும் ஓர் அடி வைக்கிறார்.

சமவாய்ப்பு இரண்டு அடுக்காக இருப்பதால் கேள்வியும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு சூழலை எடுத்து உறைய வைத்துவிட்டு, அதற்குள் நடப்பவரின் பரவல் எங்கே போகிறது என்று கேட்பது உறைந்த பார்வை. சூழலையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிட்டுக் கேட்பது கலந்த பார்வை. புதிதாக வருபவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் எழுகின்றன. கலந்த பார்வையில் மைய எல்லைத் தேற்றம் உண்மையாக இருந்து, உறைந்த பார்வையில் அதே வடிவில் அது பொய்யாகலாம். நேர்கோட்டில் அப்படித்தான் ஆகிறது; எண்களோடு அதை ஐந்தாம் படியில் பார்க்கலாம்.

2. நேர்கோட்டில் மூன்று சராசரிகளைக் கணக்கிடுங்கள்

ஒவ்வொரு புள்ளிக்கும் ரோ = (1 − வ) ÷ வ என்று வையுங்கள். ரோ ஒன்றைவிடப் பெரிதானால் அந்தப் புள்ளி இடப்பக்கம் தள்ளுகிறது, சிறிதானால் வலப்பக்கம். இந்த விகிதத்தின் மூன்று சராசரிகள் நடப்பவரின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன.

⟨மடக்கை ரோ⟩ எதிர்மமாக இருந்தால் நடப்பவர் வலப்பக்க முடிவிலிக்குப் போய்விடுவார். சுழியாக இருந்தால் வந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வருவார். இது சாலமன் 1975இல் நிறுவியது. சுழி என்ற நிலையைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை. சினாய் 1982இல் காட்டியபடி அங்கே ந அடிகளில் நடப்பவர் போகும் தூரம் வெறும் (மடக்கை ந)² அளவுதான். √ந பற்றிய பேச்சே அங்கு எழாது.

⟨ரோ⟩ ஒன்றுக்குக் குறைவானால் நடப்பவருக்கு நேர்ம வேகம் உண்டு; அந்த வேகம் (1 − ⟨ரோ⟩) ÷ (1 + ⟨ரோ⟩). ⟨மடக்கை ரோ⟩ எதிர்மமாக இருந்தும் ⟨ரோ⟩ ஒன்றை எட்டிவிட்டால், வலப்பக்கம் போய்க்கொண்டே இருப்பார், ஆனால் வேகம் சுழி.

⟨ரோ²⟩ ஒன்றுக்குக் குறைவானால் மைய எல்லைத் தேற்றம் கிடைக்கும். நாம் தேடிவந்த நிபந்தனை இதுவே.

எண்களை வைத்துப் பார்ப்போம். ஒவ்வொரு புள்ளியிலும் ப நிகழ்தகவோடு வ = 3/4 (ரோ = 1/3), மீதி 1 − ப நிகழ்தகவோடு வ = 1/3 (ரோ = 2) என்று கொள்வோம். கணக்குப் போட்டால் மூன்று வாசல்கள் வருகின்றன. ப 0.387ஐத் தாண்டினால் வலப்பக்க ஓட்டம். 0.6ஐத் தாண்டினால் நேர்ம வேகம். 27/35, அதாவது ஏறத்தாழ 0.771ஐத் தாண்டினால் மைய எல்லைத் தேற்றம். ப = 0.7 என்ற நிலையைக் கவனியுங்கள். அடியின் சராசரியை அவசரமாகக் கணக்கிட்டால் 0.7 × 1/2 − 0.3 × 1/3 = 0.25 என்று வரும். உண்மையான வேகமோ 1/11, அதாவது 0.09. மீதி வேகத்தை எல்லாம் சூழல் விழுங்கிவிட்டது. வேகம் இருக்கிறது, ஆனால் ⟨ரோ²⟩ = 1.28 என்பதால் √ந அளவுகோல் செல்லாது.

3. அடுக்கு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

மேலே சொன்ன வாசல்கள் எல்லாம் ஒரே எண்ணின் வெவ்வேறு மதிப்புகள். ⟨ரோ^கப்பா⟩ = 1 என்ற சமன்பாட்டைத் தீர்க்கும் நேர்ம எண்ணைக் கப்பா என்பார்கள். கெஸ்டென், கோஸ்லோவ், ஸ்பிட்சர் ஆகிய மூவரும் 1975இல் எழுதிய ஆய்வு இந்த எண்ணைச் சுற்றியே நகர்கிறது. கப்பா 2ஐவிடப் பெரிதானால் √ந, இயல்நிலைப் பரவல். 2க்குச் சமமானால் எல்லை இன்னும் இயல்நிலைதான், ஆனால் அளவுகோல் √(ந மடக்கை ந). 1க்கும் 2க்கும் இடையில் வேகம் உண்டு, ஆனால் விலகல்கள் ந^(1/கப்பா) அளவில் இருக்கும், எல்லையும் ஒருபக்கம் சாய்ந்த நிலைத்த பரவல் (stable distribution; இரண்டாம் மொமென்ட் முடிவிலி). 1ஐவிடச் சிறிதானால் நடப்பவர் ந^கப்பா தூரமே போவார். நமது எடுத்துக்காட்டில் ப = 0.7க்குக் கப்பா ஏறத்தாழ 1.54; ப = 0.5க்கு 0.52; ப = 0.8க்கு 2.22.

இந்தத் தேற்றத்துக்கு மடக்கை ரோவின் மதிப்புகள் ஒரே எண்ணின் மடங்குகளாக அமையக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. ரோ = 1/2, 2 என்று எடுத்திருந்தால் அங்கே மாட்டிக்கொண்டிருப்போம். 1/3, 2 என்று எடுத்ததற்குக் காரணம் அதுதான். கப்பா 2ஐத் தாண்டிய பகுதிக்கு இந்தக் கவலை தேவையில்லை. அங்கே ⟨ரோ²⟩ < 1 ஒன்றே போதும்.

அடுக்கு ஏன் வருகிறது? இடப்பக்கம் தள்ளும் புள்ளிகள் அடுத்தடுத்து வந்துவிட்டால் அது ஒரு பொறி. அப்படி ல புள்ளிகள் தொடர்ந்தால் கடப்பதற்கு 2^ல அளவு நேரம் ஆகும். ப = 0.7 என்றால் அப்படி அமையும் நிகழ்தகவு 0.3^ல. நேரம் அடுக்கு வேகத்தில் ஏறுகிறது, நிகழ்தகவு அடுக்கு வேகத்தில் இறங்குகிறது. இரண்டையும் சேர்த்தால் வால் நிகழ்தகவு (நேரம் ஒரு பெரிய எண்ணைத் தாண்டும் நிகழ்தகவு) அந்த எண்ணின் ஒரு படியாக வந்து நிற்கிறது. இந்தத் தொடர் பொறியை மட்டும் கணக்கில் எடுத்தால் படி 1.74 என்று கிடைக்கும். உண்மையான கப்பா 1.54 என்றால், இதைவிட மலிவான பொறி ஒன்று இருக்கிறது என்று பொருள். புள்ளிகளின் நிகழ்தகவை ரோ^கப்பா என்ற எடையால் சாய்த்தால் அது தெரியும்: 87 சதவீதம் இடப்பக்கம் தள்ளும் புள்ளிகளும் 13 சதவீதம் வலப்பக்கம் தள்ளும் புள்ளிகளும் கலந்த, சற்றே நீளமான பள்ளம். பொறி கச்சிதமாக இருக்க வேண்டும் என்ற அவசியம் சூழலுக்கு இல்லை, மலிவாக இருந்தால் போதும்.

10 லட்சம் புள்ளிகளைக் கடக்கும் வழியில், தொடர் பொறி மட்டும் என்று பார்த்தாலே மிக நீளமானது ஏறத்தாழ 11.5 புள்ளிகள், அது பறிக்கும் நேரம் 2,900 என்ற அளவில் இருக்கும். கலப்புப் பொறியையும் சேர்த்தால் 10 லட்சத்தின் 1/1.54 படி, அதாவது 8,000 என்ற அளவு. 10 லட்சத்தின் வர்க்கமூலம் 1,000தான். ஒரே ஒரு பொறி, மற்ற எல்லாப் புள்ளிகளின் ஏற்ற இறக்கங்களையும் மிஞ்சிவிடுகிறது. மைய எல்லைத் தேற்றம் எப்போது உடையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது.

4. அடையும் நேரத்தின் வழியாக நிறுவுங்கள்

நடப்பவரின் இடத்தை நேரடியாகப் பிடிப்பது கடினம். ஒரு புள்ளியிலிருந்து அதன் வலப்பக்க அண்டைப் புள்ளியை முதன்முதலில் அடையும் நேரத்தைப் பிடியுங்கள். ந என்ற புள்ளியை அடையும் நேரம், இப்படிப்பட்ட ந துண்டு நேரங்களின் கூட்டுத்தொகை. இந்தத் துண்டுகள் சார்பற்றவை அல்ல, ஆனால் அவற்றுக்கிடையிலான தொடர்பு ⟨ரோ⟩ இன் படியாக விரைந்து தேய்கிறது. ஆகவே துண்டு நேரத்தின் இரண்டாம் மொமென்ட் முடிவுள்ளது என்று காட்டிவிட்டால் மீதி வழக்கமான வேலை.

ஒரு துண்டுக்குள் என்ன நடக்கிறது? புள்ளியிலிருந்து வலப்பக்கம் தப்புவதற்கு முன் நடப்பவர் எத்தனை முறை இடப்பக்கம் போகிறார் என்பது, ரோவைச் சராசரியாகக் கொண்ட பெருக்குப் பரவல் (geometric distribution: முதல் வெற்றிக்கு முன் வரும் தோல்விகளின் எண்ணிக்கை). அப்படிப் போன ஒவ்வொரு முறையும் அடுத்த இடப்புள்ளியில் அதே கதை. இது ஒரு கிளைத்தல் செயல்முறை. தலைமுறைக்குத் தலைமுறை பிறப்பு விகிதம் சூழலால் மாறுகிறது. உறைந்த சூழலில் துண்டு நேரத்தின் சராசரி 1 + 2 × ரா. இங்கே ரா என்பது ரோக்களின் தொடர்பெருக்கங்களின் கூட்டுத்தொகை, அது தன்னைத்தானே திரும்ப அழைக்கும்: ரா = ரோ × (1 + ரா′). ரா′ அடுத்த இடப்புள்ளியின் ரா. அது ரோவைச் சாராது.

இந்தச் சிறிய சமன்பாட்டை வர்க்கப்படுத்துங்கள்: ⟨ரா²⟩ = ⟨ரோ²⟩ × (1 + 2⟨ரா⟩ + ⟨ரா²⟩). ⟨ரோ²⟩ ஒன்றை எட்டினால் முடிவுள்ள விடையே கிடையாது. நிபந்தனை பிறக்கும் இடம் இந்த ஒரு வரிதான். கெஸ்டென் 1973இல் இதே வகைச் சமன்பாடுகளுக்கு ராவின் வால் நிகழ்தகவு கப்பா படியில் தேய்கிறது என்று நிறுவினார். மேலே சொன்ன மூவர் தேற்றம் அதன் மேல்தான் நிற்கிறது.

5. ஒரு முழுக் கணக்கு. உறைந்த பார்வையின் திருகல்

ப = 0.8 என்று வைத்து இறுதிவரை போவோம். ⟨ரோ⟩ = 2/3, ⟨ரோ²⟩ = 8/9. வேகம் 1/5. ⟨ரா⟩ = 2. மேலே உள்ள சமன்பாட்டில் போட்டால் ⟨ரா²⟩ = 40, ஆகவே ராவின் பரவற்படி (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 36. துண்டு நேரத்தின் சராசரி 5. சூழலுக்குச் சூழல் அந்தச் சராசரி விலகும் திட்ட விலக்கமோ 12! சராசரியைவிட விலக்கம் இரண்டு மடங்குக்கும் மேல். தேற்றம் செல்லும் பகுதியில்தான் இருக்கிறோம், ஆனால் வாசலுக்கு எவ்வளவு அருகில் என்பதை இந்த 12 சொல்லிவிடுகிறது.

இப்போது ஒரு புள்ளிக்கு எவ்வளவு பரவற்படி சேர்கிறது என்பதை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பங்கு, சூழல் உறைந்திருக்கும்போது நடப்பவரின் தற்செயலால் வருவது. பெருக்குப் பரவலின் பரவற்படி ரோ + ரோ² என்பதைப் பயன்படுத்தினால் 4 × 45 × 14/9 = 280; அதை 1 − 2/3 ஆல் வகுத்தால் 840. இரண்டாம் பங்கு, சூழலே ஆடுவதால் வருவது: தொடர்புகளையும் கூட்டிக்கொண்டால் 4 × 36 × 5 = 720. மொத்தம் 1,560. நேரத்திலிருந்து இடத்துக்கு மாற்ற வேகத்தின் கனத்தால், அதாவது 1/125 ஆல் பெருக்குங்கள். கலந்த பார்வையில் இடத்தின் பரவற்படி அடிக்கு 12.48. அதே வேகத்தில் சூழல் மாறாத சாதாரணச் சாய்நடைக்கு இது 0.96 மட்டுமே.

அந்த 12.48இல் 6.72 நடப்பவருடையது, 5.76 சூழலுடையது. உறைந்த பார்வையின் திருகல் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. சூழலை உறைய வைத்தால் 6.72 என்ற பரவற்படியோடு இயல்நிலைப் பரவல் கிடைக்கும், ஆனால் அதன் மையம் ந × வேகம் அல்ல. மையமே சூழலுக்குச் சூழல் 2.4 × √ந அளவு தள்ளிப்போகிறது. மணிவடிவத்தின் அகலமும் 2.6 × √ந தான்! எனவே ந × வேகத்தைக் கழித்துவிட்டு உறைந்த பார்வையில் தேற்றம் எழுதினால் அது தவறு. சூழலைப் பார்த்து, அதன் துண்டு நேரச் சராசரிகளைக் கூட்டி, அதிலிருந்து பெற்ற மையத்தைக் கழிக்க வேண்டும். கோல்ட்ஷெய்ட் 2007இலும் பீட்டர்சன் 2008இலும் இப்படிச் சூழல் சார்ந்த மையத்தோடுதான் உறைந்த தேற்றத்தை நிறுவினார்கள். கப்பா ஒன்றுக்குக் குறைவான பகுதியில் நிலைமை இன்னும் மோசம். உறைந்த பார்வையில் அங்கே ஒற்றை எல்லைப் பரவலே கிடையாது என்று பீட்டர்சனும் ஸைட்டூனியும் 2009இல் காட்டினார்கள்.

6. பரிமாணம் கூடினால் மறுதொடக்க நேரத்துக்கு மாறுங்கள்

இரண்டு, மூன்று பரிமாணங்களில் அடையும் நேரத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் ஒரு கோட்டைக் கடக்க ஆயிரம் வழிகள் உண்டு. ஸ்னிட்மானும் செர்னரும் 1999இல் தந்த கருவி மறுதொடக்க நேரம். ஒரு திசையைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்தத் திசையில் நடப்பவர் இதுவரை தொடாத புது உயரத்தைத் தொட்டு, அதன் பிறகு எப்போதும் அதற்குக் கீழே இறங்காத தருணமே மறுதொடக்கம். அந்தத் தருணத்துக்கு முன் பார்த்த சூழலும் பின் பார்க்கும் சூழலும் வெவ்வேறு புள்ளிகள். ஆகவே அடுத்தடுத்த மறுதொடக்கங்களுக்கு இடையிலான துண்டுகள் சார்பற்றவை, ஒரே பரவல் கொண்டவை. முதல் துண்டு மட்டும் விதிவிலக்கு.

இதன் பிறகு கேள்வி பள்ளிப் பாடமாகிவிடுகிறது. இரு மறுதொடக்கங்களுக்கு இடையிலான நேரத்துக்கு இரண்டாம் மொமென்ட் இருந்தால், இடப்பெயர்ச்சி நேரத்தை மிஞ்சாது என்பதால் அதற்கும் இரண்டாம் மொமென்ட் உண்டு. கலந்த பார்வையில் மைய எல்லைத் தேற்றம் உடனே வந்துவிடுகிறது. முதல் மொமென்ட் மட்டும் இருந்தால் நேர்ம வேகம் வரை கிடைக்கும்.

7. கீழ்வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள்

எந்தப் புள்ளியிலும் எந்தத் திசைக்கும் நிகழ்தகவு ஒரு நிலையான நேர்ம எண்ணுக்குக் கீழே போகாது என்று சூழல் உத்தரவாதம் தருகிறதா? தந்தால் பெரும்பாலும் கவலையில்லை. நேர்கோட்டில் கவலை இருந்தது, மேல் பரிமாணத்தில் ஏன் இல்லை? ஒருவரைக் க நேரம் பிடித்துவைக்க, மடக்கை க அகலமுள்ள பொறி வேண்டும். நேர்கோட்டில் அதற்கு மடக்கை க புள்ளிகளைச் சாய்த்தால் போதும், ஆகவே செலவு க இன் ஒரு படி. டி பரிமாணத்தில் நடப்பவர் பக்கவாட்டில் நழுவிவிடுவார். பள்ளம் முழுவதையும், அதாவது (மடக்கை க)^டி புள்ளிகளைச் சாய்க்க வேண்டும். அதன் நிகழ்தகவு க இன் எந்தப் படியையும்விட வேகமாகத் தேய்கிறது. ஆகவே எல்லா மொமென்ட்டும் முடிவுள்ளவை.

இந்த வாதம் பொறியின் வடிவத்தை ஊகித்துச் சொன்னது. நிறுவ வேண்டுமானால் நடப்பவர் உண்மையிலேயே ஒரு திசையில் நழுவுகிறார் என்பதற்குச் சான்று தேவை. ஸ்னிட்மான் 2001, 2002 ஆண்டுகளில் தந்த நிபந்தனைக் குடும்பம் இதற்குத்தான்: ல அகலமுள்ள பட்டையிலிருந்து பின்பக்கமாக வெளியேறும் நிகழ்தகவு, ல^காமா என்பதன் அடுக்குக்குறி வேகத்தில் தேய வேண்டும், காமா 0க்கும் 1க்கும் இடையில். பெர்கர், ட்ரெவிட்ஸ், ராமிரெஸ் ஆகியோர் 2014இல் பல்லுறுப்பு வேகத் தேய்வே போதும் என்று தளர்த்தினார்கள். காமாவின் சிறிய மதிப்பும் பெரிய மதிப்பும் சமானம் என்ற ஸ்னிட்மானின் ஊகத்தைக் கெர்ராவும் ராமிரெஸும் 2020இல் வெளியான ஆய்வில் நிறுவினார்கள். உங்கள் மாதிரிக்குக் கீழ்வரம்பும் இந்த நிபந்தனைகளில் ஒன்றும் இருந்தால், மொமென்ட்டைத் தனியாகச் சரிபார்க்க வேண்டியதில்லை.

8. கீழ்வரம்பு இல்லையென்றால் மிக மலிவான பொறியைத் தேடுங்கள்

நான் இதுவரை பார்த்த மாதிரிகளில் கையால் கணக்குப் போட்டுக் கற்க மிகச் சிறந்தது டிரிஷ்லே சூழல். ஒவ்வொரு திசைக்கும் ஓர் எடை கொடுத்து, அந்த எடைகளைக் கொண்ட டிரிஷ்லே பரவலிலிருந்து (கூட்டினால் ஒன்று வரும் நிகழ்தகவுத் தொகுதிகளின் மேல் அமைந்த பரவல்) ஒவ்வொரு புள்ளியின் நிகழ்தகவுகளையும் எடுக்கிறோம். நிகழ்தகவுகள் சுழிக்கு எவ்வளவு அருகிலும் போகலாம், ஆகவே பெரிய பள்ளம் தேவையில்லை. இரண்டு புள்ளிகளே பொறியாகிவிடும்: ஒன்று வலப்பக்கம் தள்ள, மற்றது இடப்பக்கம் தள்ள, நடப்பவர் நடுவில் பந்தாடப்படுவார்.

இரு புள்ளிகளிலிருந்தும் வெளியேறும் நிகழ்தகவு ஒரு சிறு எண்ணுக்குக் கீழே இருப்பதற்கான நிகழ்தகவு, அந்தச் சிறு எண்ணின் ஒரு படி. படி எவ்வளவு? ஒவ்வொரு புள்ளியிலும் வெளிப்பக்க எடைகளைக் கூட்டுங்கள். கிடைப்பது: எல்லா எடைகளின் கூட்டுத்தொகையின் இரு மடங்கில், அந்தக் கோட்டின் இரு எதிரெதிர்த் திசை எடைகளைக் கழித்தது. மிகக் குறைவான மதிப்பைத் தரும் கோட்டைத் தேர்ந்தால் அதுவே இந்த மாதிரியின் கப்பா.

இரண்டு பரிமாணத்தில் வலம் 1.5, இடம் 0.2, மேல் 0.3, கீழ் 0.3 என்று கொடுங்கள். கூட்டுத்தொகை 2.3, இரு மடங்கு 4.6. வலமும் இடமும் சேர்ந்து 1.7. கப்பா 2.9, இரண்டைத் தாண்டிவிட்டது. வலம் 1.4, மற்ற மூன்றும் 0.1 என்று மாற்றுங்கள். 3.4 − 1.5 = 1.9. இரண்டிலும் வலமும் இடமும் ஒன்றுக்கு மேல் வேறுபடுவதால் நேர்ம வேகம் உறுதி. இது என்ரிக்கெஸ், சாபோ இருவரும் 2006இல் தந்த அளவுகோல். ஆனால் இரண்டாவது எடுத்துக்காட்டில் ஒரு ஜோடிப் புள்ளியே நேரத்தின் இரண்டாம் மொமென்ட்டை முடிவிலியாக்கிவிடுகிறது.

டிரிஷ்லே அல்லாத சூழல்களுக்கும் இதே வழிதான். ஒரு புள்ளி, ஓர் ஜோடி, ஒரு சதுரம் என்று சிறு வடிவங்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் வெளியேறும் நேரத்தின் வால் அடுக்கைக் கணக்கிடுங்கள். காம்போஸ், ராமிரெஸ் 2014இலும், புஷே, ராமிரெஸ், சாபோ 2016இலும் இந்த உள்ளூர்ப் பொறிகளைக் கட்டுப்படுத்தினால் மறுதொடக்க நேரத்தின் மொமென்ட்டும் கட்டுக்குள் வரும் என்று காட்டியிருக்கிறார்கள்.

9. மேல் பரிமாணத்தில் உறைந்த தேற்றம்

இங்கே ஒரு நல்ல செய்தி. நேர்கோட்டில் நடப்பவர் எல்லாப் புள்ளிகளையும் மிதித்தே ஆக வேண்டும் என்பதால் சூழலின் ஆட்டம் மையத்தை √ந அளவு தள்ளியது. இரண்டு பரிமாணம் முதல், ஒரே சூழலில் சார்பின்றி இருவரை நடக்க விட்டால் அவர்கள் பாதைகள் குறைவாகவே சந்திக்கின்றன. பாதைகள் பிரிந்தால் அவரவர் வேறு சூழலைப் பார்க்கிறார்கள், சூழலின் ஆட்டம் சராசரியாகிக் கரைகிறது. உறைந்த மையம் ந × வேகத்திலிருந்து √நவைவிடக் குறைவாகவே விலகுகிறது. ஐந்தாம் படியில் நமக்குத் தொல்லை கொடுத்த 5.76 இங்கே சுழி. ரசூல்-ஆகாவும் செப்பலைனெனும் 2009இல் நிறுவியதன் மையக்கரு இதுதான். போல்ட்ஹவுசென், ஸ்னிட்மான் 2002இல் இருவர் நடைகளை ஒப்பிடும் உத்தியைக் கொண்டுவந்தார்கள்.

சந்திப்புகளை எண்ணுவதற்கு மறுதொடக்க நேரத்தின் வாலை நன்றாகக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. ஆகவே ரசூல்-ஆகா, செப்பலைனென் ஆய்வும், நான்கு பரிமாணம் முதலான பெர்கர், ஸைட்டூனி ஆய்வும் (2008) மிக உயர்ந்த மொமென்ட்டைக் கேட்டன. அந்த உயரத்தைப் பார்த்து மிரள வேண்டாம். அது நிறுவலின் தேவை, நடப்பவரின் தேவை அல்ல. புஷே, சாபோ, டோஸ் சாந்தோஸ் மூவரும் 2016இல் அதை ஏறத்தாழத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்னிட்மானின் காமா நிபந்தனையோடு, மறுதொடக்க நேரத்தின் வர்க்கத்தை அதன் மடக்கையின் 1 + ம படியால் பெருக்கினால் சராசரி முடிவுள்ளதாக இருக்க வேண்டும். ம என்பது 1 + 1/காமாவைவிடப் பெரிது. இரண்டாம் மொமென்ட்டுக்கு மேல் ஒரு மடக்கை மட்டுமே கூடுதல். இதனால் கீழ்வரம்பு இல்லாத டிரிஷ்லே சூழல்களும் உள்ளே வந்தன: வால் ஒரு படியாகத் தேயும் இடத்தில் அடுக்கு இரண்டைத் தாண்டினாலே மடக்கைகள் எல்லாம் அடங்கிவிடும். மேலே கண்ட 2.9 எடுத்துக்காட்டு அப்படித் தேறுகிறது.

10. கடத்துதிறன் மாதிரியானால் கணக்கு வேறு

சூழலைப் புள்ளிகளில் வைக்காமல், அண்டைப் புள்ளிகளை இணைக்கும் விளிம்புகளில் கடத்துதிறன் என்ற நேர்ம எண்ணாக வைத்து, நடப்பவர் அதற்கு விகிதசமமாக விளிம்பைத் தேர்ந்தால் சூழல் மீள்தன்மை (நேரத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் நடை அதே விதியில் அமைவது) பெறுகிறது. அங்கே சாய்வு இல்லை. பொறிகள் இரு வகை. மிகப் பெரிய கடத்துதிறன் கொண்ட விளிம்பு நடப்பவரை இரு முனைகளுக்கிடையே அலைக்கழிக்கும். மிகச் சிறியது சுவராகும். ஆகவே நிபந்தனைகளும் இரண்டு: கடத்துதிறனின் ஒரு மொமென்ட், அதன் தலைகீழியின் ஒரு மொமென்ட். நேர்கோட்டில் பரவல் குணகம் 1 ÷ (⟨கடத்துதிறன்⟩ × ⟨1/கடத்துதிறன்⟩). இரண்டு முதல் மொமென்ட்டும் ஏன் வேண்டும் என்று சூத்திரமே சொல்கிறது.

கலந்த பார்வைக்கான பொதுவழி கிப்னிஸ், வரதன் இருவரின் 1986ஆம் ஆண்டு ஆய்வு. சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த வரதன் 2007இல் ஆபெல் பரிசு பெற்றவர். நடப்பவரின் கண்ணிலிருந்து சூழலைப் பார்த்து, இடப்பெயர்ச்சியிலிருந்து, அடுத்த மாற்றத்தின் சராசரி எப்போதும் சுழியான ஒரு மார்ட்டிங்கேலைப் பிரித்தெடுப்பது அவர்கள் வழி. உறைந்த பார்வைக்கு, பிஸ்குப் 2011இல் தொகுத்தபடி, ஒன்று, இரண்டு பரிமாணங்களில் இரு முதல் மொமென்ட்டும் போதும். அதற்கு மேலே ஆன்ட்ரெஸ், டோய்ஷெல், ஸ்லோவிக் (2015) கேட்பது இது: கடத்துதிறனுக்கு ப ஆம் மொமென்ட் (இந்தப் ப முன்பு சொன்ன நிகழ்தகவு அல்ல), தலைகீழிக்குக் கு ஆம் மொமென்ட், 1/ப + 1/கு < 2/டி. மூன்று பரிமாணத்தில் இரண்டும் சமமென்றால் மூன்றைத் தாண்ட வேண்டும். பெல்லாவும் ஷாஃப்னரும் 2020இல் வலப்பக்கத்தை 2/(டி − 1) ஆக்கினார்கள். அப்போது இரண்டைத் தாண்டினால் போதும். கடத்துதிறன்கள் விளிம்புக்கு விளிம்பு சார்பற்றவையானால் இந்த நிபந்தனைகளில் பெரும்பகுதி தேவையே இல்லை. அவை பொதுவான, நீண்ட தொடர்புள்ள சூழல்களுக்கானவை.

11. கணினியில் சோதிக்கும்போது

நேர்கோட்டு மாதிரியை அடி அடியாக ஓட்டாதீர்கள். ஆழமான பொறியில் கணினி மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடும். நான்காம் படியின் கிளைத்தல் செயல்முறையை ஓட்டினால் ஒரு புள்ளிக்கு ஒரு சமவாய்ப்பு எண்ணே செலவு. ந புள்ளிகளை அடையும் நேரம், ந + 2 × மொத்த இடப்பக்க அடிகள். தொடக்கப் புள்ளிக்கு இடப்பக்கம் போகும் அடிகளையும் தலைமுறைகள் அழியும்வரை எண்ணிச் சேர்க்க மறக்காதீர்கள்.

கிடைக்கும் மணிவடிவம் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் நிரலைச் சந்தேகிப்பதற்கு முன் மூன்றாம் மொமென்ட்டைப் பாருங்கள். நமது எடுத்துக்காட்டில் ⟨ரோ³⟩ ஒன்றுக்குக் கீழே வர ப 189/215ஐ, அதாவது 0.879ஐத் தாண்ட வேண்டும். ப = 0.8இல் தேற்றம் உண்மை, ஆனால் மூன்றாம் மொமென்ட் முடிவிலி. நெருங்கும் வேகத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் உத்தரவாதம் இங்கே கிடையாது. நான்காம் மொமென்ட்டும் முடிவிலி என்பதால் மாதிரியிலிருந்து மதிப்பிடும் பரவற்படியும் ஓட்டத்துக்கு ஓட்டம் துள்ளும்; 1,560 என்ற எண் எளிதில் நிலைபெறாது. சரிபார்ப்பதற்கு ப = 0.95 போன்ற பாதுகாப்பான மதிப்பில் தொடங்கி, சூத்திரமும் ஓட்டமும் ஒத்துப்போன பிறகு வாசலை நோக்கி மெதுவாக இறங்குங்கள். 0.77க்கும் 0.8க்கும் இடையில் கணினி காட்டும் படத்தை வைத்து √ந செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அங்கே ⟨ரோ²⟩ என்ற ஒரு வரிக் கணக்கே நம்பத்தக்கது.